எல்லை கடக்கும் சாலை

நுழையும்முன்

வழியறிந்தவர் வழியறியாதவர்க்கு நெறி காட்டுவதை ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்தது தமிழ். எவ்வழி செல்லலாம், எங்கே தங்கலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்பவற்றை முன்னரே எண்ணிப் பார்ப்பது பயணத்தின் முதற்படி. ஐரோப்பாவில் ஒரு குடும்பம் வாடகை மகிழுந்தில் இரண்டு நாட்டு எல்லைகளைக் கடக்கத் திட்டமிட்டதை இக்கட்டுரை விவரிக்கிறது. எல்லை என்பது நிலத்தில் மட்டுமன்றிச் சட்டத்திலும் மனித மனத்திலும் இருப்பதை இது காட்டுகிறது.

நீர் பிரியும் இடம்

ஐரோப்பாவின் வடக்கையும் தெற்கையும் பிரித்து நிற்கும் பெருஞ்சுவர் ஆல்ப்ஸ் மலைத்தொடர். அச்சுவரில் இயற்கை திறந்துவைத்த வாயில்களுள் ஒன்று பிரென்னர் கணவாய். ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே ஏறத்தாழ 1370 மீட்டர் உயரத்தில் உள்ள இக்கணவாய், ஆல்ப்ஸின் முதன்மைக் கணவாய்களுள் உயரம் குறைந்த ஒன்று. அதனால் உரோமானியர் காலம் முதல் வணிகரும் படைவீரரும் புனிதப் பயணிகளும் இவ்வழியே சென்றனர். செர்மானியக் கவிஞர் கோத்தே 1786ஆம் ஆண்டு இத்தாலியைக் காணப் புறப்பட்டபோது கடந்ததும் இந்தக் கணவாயைத்தான். 1867இல் இங்கே இருப்புப்பாதை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விரைவுச்சாலை வந்தது. இன்சுபுருக் நகருக்குத் தெற்கே, பள்ளத்தாக்குக்கு மேல் 190 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஐரோப்பாப் பாலம் அச்சாலையின் புகழ்பெற்ற பகுதி.

கணவாயின் வடசரிவில் பெய்யும் மழை இன் ஆற்றை அடைந்து, தன்யூபு வழியாகக் கருங்கடலில் கலக்கிறது. தென்சரிவில் பெய்யும் மழை அடிசே ஆற்றின் வழியாக ஏட்ரியாட்டிக் கடலை அடைகிறது. முதல் உலகப்போருக்குப் பின் நாடுகளின் எல்லையை வகுத்தோர் இந்த நீர்ப்பிரிவையே நாட்டுப்பிரிவாகவும் கொண்டனர். ஆனால் நீர் பிரிந்த இடத்தில் மொழி பிரியவில்லை. கணவாயின் இருபுறத்தும் வாழ்ந்த மலைமக்களில் பெரும்பாலோர் பேசியது ஒரே செர்மன் மொழிதான்.

கோடு விழுந்த நிலம்

1919ஆம் ஆண்டு செய்துகொள்ளப்பட்ட செயின்ட் செர்மைன் உடன்படிக்கையின்படி, அதுவரை ஆஸ்திரியப் பேரரசில் இருந்த தெற்குத் திரோல் இத்தாலியின் பகுதியாயிற்று. 1922இல் முசோலினி ஆட்சிக்கு வந்தபின் அங்கே செர்மன் மொழிக்கு இடம் மறுக்கப்பட்டது. ஊர்ப்பெயர்கள் இத்தாலியப் பெயர்களாக மாற்றப்பட்டன. பள்ளிகளில் செர்மன் வழிக்கல்வி நிறுத்தப்பட்டது. தாய்மொழியில் எழுதப் படிக்கப் பிள்ளைகள் வீடுகளின் பின்னறைகளிலும் பண்ணைக் கொட்டில்களிலும் மறைவாகக் கூடினர். இவ்வகுப்புகளை மக்கள் ‘நிலவறைப் பள்ளிகள்’ என்று அழைத்தனர்.

1939இல் இட்லரும் முசோலினியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். செர்மன் பேசுவோர் தம் நிலத்தைவிட்டுச் செர்மனிக்குக் குடிபெயரலாம். அல்லது இத்தாலியக் குடிமக்களாகத் தம் நிலத்திலேயே இருக்கலாம். மொழியை வைத்துக்கொள்ள மண்ணை விட வேண்டும். மண்ணை வைத்துக்கொள்ள மொழியை விட வேண்டும் என்பதே அதன் பொருள். அவ்வாண்டின் இறுதிக்குள் ஒவ்வொரு குடும்பமும் தாளில் கையெழுத்திட்டுத் தன் முடிவைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. பெரும்பான்மையோர் குடிபெயர்வதாகக் கையெழுத்திட்டனர்; போர்ச்சூழலில் ஏறத்தாழ 75,000 பேர் உண்மையிலேயே வெளியேறினர். சென்றோரும் நின்றோரும் ஒருவரையொருவர் துரோகிகள் என்று தூற்றினர். ஒரே கூரையின்கீழ் வளர்ந்த உடன்பிறந்தார் பேச்சை நிறுத்தினர்.

ஒரு குடும்பத்தின் விருப்பம்

செர்மனியின் மியூனிக் நகரில் வாழும் ஒரு குடும்பத்தில் எண்பத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். 1940ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், நான்கு வயதில், பெற்றோருடன் தொடர்வண்டியில் பிரென்னரைக் கடந்து வடக்கே வந்தவர் அவர். இளைய மகனான அவருடைய தந்தைக்கு நிலம் இல்லை. கூலிவேலை மட்டுமே இருந்தது. ஆகவே குடிபெயரும் தாளில் கையெழுத்திட்டார். பண்ணைக்கு உரிய மூத்த மகனான பெரியப்பா, மண்ணைவிட்டு நகர மறுத்தார். அன்றைக்குப் பின் அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் ஒரு கடிதமும் எழுதவில்லை. இருவரும் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரியப்பாவின் மகள், தொண்ணூறு வயதில், போல்சானோ நகருக்கு மேலே மலைச்சரிவில் உள்ள அந்தப் பண்ணையில் இன்றும் இருக்கிறார். அவரிடமிருந்து ஒரு கோடைக்காலத்தில் மூன்று வரி மடல் ஒன்று வந்தது. ஆப்பிள் பழுக்கும்போது வரலாமே என்பதே அதன் சாரம்.

மியூனிக்கிலிருந்து போல்சானோவுக்குத் தொடர்வண்டி உண்டு. ஆனால் நகரிலிருந்து பண்ணைக்கு ஏறும் மலைப்பாதையில் பேருந்து மாறிச் செல்லப் பாட்டியின் கால்கள் இடங்கொடுக்கவில்லை. பொதுப்போக்குவரத்தே போதுமென வாழ்ந்த அக்குடும்பத்தில் சொந்த மகிழுந்தும் இல்லை. ஆகவே வாடகை மகிழுந்து ஒன்றை எடுத்து, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர் என ஐவரும் செப்டம்பர் இறுதியில் புறப்படுவதென முடிவாயிற்று. மியூனிக்கிலிருந்து போல்சானோ ஏறத்தாழ 280 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குள் செர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி என மூன்று நாடுகள் வருகின்றன.

ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகள்

வாடகை நிறுவனங்கள் பலவற்றின் கட்டணங்களை ஒப்பிட்டு, மிகக் குறைந்த வாடகைக்குக் கிடைத்த ஒரு வண்டியை மகன் தேர்ந்தெடுத்தார். விலை குறைவு, இடமும் தாராளம். ஆனால் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருந்த சிறிய எழுத்துகளை மருமகள் பொறுமையாகப் படித்தார். அந்த வகை வண்டியை இத்தாலிக்குள் கொண்டு செல்ல அந்நிறுவனம் இசையவில்லை என்பது ஒன்பதாம் பத்தியில் இருந்தது.

வாடகை வண்டி எந்தெந்த நாடுகளுக்குள் செல்லலாம் என்பதை நிறுவனங்களே வரையறுக்கின்றன. திருட்டு அச்சம், பழுதுபார்க்கும் செலவு, வண்டியைத் திரும்பக் கொண்டுவரும் தொல்லை ஆகியவையே அதற்குக் காரணங்கள். சில நிறுவனங்கள் விலையுயர்ந்த வண்டிகளுக்கு மட்டும் தடை விதிக்கும். சில, கூடுதல் கட்டணம் பெற்று எழுத்து வடிவில் இசைவு தரும். இசைவின்றி எல்லை கடந்த வண்டி விபத்துக்குள்ளானால், ஒப்பந்தம் தரும் பாதுகாப்பை வண்டி எடுத்தவர் இழக்க நேரும். இழப்பு முழுவதும் அவர் தலையில் விழும். ஒரு நாட்டில் எடுத்து மற்றொரு நாட்டில் வண்டியை விட்டுவிட விரும்பினால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அது சில வேளைகளில் வாடகையையே விஞ்சிவிடும்.

“பிரென்னரில் வண்டியை நிறுத்தி யாரும் கேட்பதில்லையே. இத்தாலிக்குச் சென்றோம் என்பது யாருக்குத் தெரியப்போகிறது?” என்றார் மகன். கட்டண வேறுபாடு சிறிதன்று. ஆகவே அந்தக் கேள்வி உணவு மேசையில் சிறிது நேரம் பதிலின்றிக் கிடந்தது.

பதில் சொன்னவர் பாட்டி. “என் தந்தை ஒரு தாளைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்திட்டார். படிக்க அவருக்கு நேரம் தரப்படவில்லை. உனக்கு நேரம் இருக்கிறது, படித்துவிட்டுக் கையெழுத்திடு” என்றார்.

அந்த வண்டி கைவிடப்பட்டது. இத்தாலிக்குச் செல்ல எழுத்து வடிவில் இசைவு தந்த வேறொரு நிறுவனத்தில் சிறிய வண்டி ஒன்று பதிவு செய்யப்பட்டது. தடைக்கம்பம் இல்லாததாலேயே எல்லையும் இல்லையென்று ஆகிவிடாது என்பதை அக்குடும்பம் முதலில் உணர்ந்தது அந்த மேசையில்தான்.

பதிவு செய்தபின் மேலும் சில கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருந்தது. வண்டியை ஓட்டப்போவது மகன் மட்டுமா, மருமகளுமா? இருவரும் எனில் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது. விபத்துச் செலவில் வாடிக்கையாளர் ஏற்கவேண்டிய பங்கு எவ்வளவு? கண்ணாடியும் உருளிப்பட்டையும் காப்பீட்டில் அடங்குமா? பிணைத்தொகைக்காகக் கடன் அட்டையில் எவ்வளவு பணம் முடக்கப்படும்? வண்டியைப் பெறும்போதே அதில் உள்ள கீறல்களையெல்லாம் படமெடுத்து, தாளிலும் குறிக்கச் செய்வது நல்லது. செய்யாத கீறலுக்குப் பொறுப்பேற்காமலிருக்க அதுவே எளிய வழி.

தெரிந்து தெளிவோம்

ஒரு நாட்டில் பெற்ற வாகனக் காப்பீடு மற்றொரு நாட்டிலும் செல்லுபடியாகும் என்பதற்கான பன்னாட்டுச் சான்று ‘பச்சை அட்டை’ எனப்படும். ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் முயற்சியால் உருவான இம்முறை 1953ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வண்டியின் எண்பலகையே காப்பீட்டுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

மூன்று நாடுகள், மூன்று விதிகள்

மூன்று நாடுகளிலும் வண்டிகள் சாலையின் வலப்புறமே செல்கின்றன. மூன்றிலும் யூரோ நாணயமே வழங்குகிறது. 2002ஆம் ஆண்டுக்கு முன் இதே பயணத்துக்கு மார்க், சில்லிங், லிரா என மூவகைப் பணம் வேண்டியிருந்தது. ஆயினும் சாலைவிதிகள் இன்னும் ஒன்றாகவில்லை.

குழந்தை இருக்கையை எடுத்துக்கொள்ளலாம். பேரன் பத்து வயதினன். உயரம் 140 செ.மீ. செர்மனியில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டு 150 செ.மீ. உயரத்தை எட்டாத பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும். ஆஸ்திரியாவில் அந்த அளவு 135 செ.மீ. இத்தாலியில் மீண்டும் 150 செ.மீ. விதியை மட்டும் பார்த்தால், பேரன் தன் இருக்கையை ஆஸ்திரிய எல்லையில் கழற்றி இத்தாலிய எல்லையில் மீண்டும் பொருத்தலாம்! மூன்றனுள் கடுமையான விதியையே வழிநெடுகப் பின்பற்றுவதென மருமகள் முடிவு செய்தார். பல நாடுகளைக் கடப்போர் எல்லா விதிகளுக்கும் பொருத்திப் பார்க்கத்தக்க நல்ல முறை அது.

சுங்கமும் அவ்வாறே வேறுபடுகிறது. செர்மனியின் விரைவுச்சாலைகளில் மகிழுந்துக்குக் கட்டணம் இல்லை. ஆஸ்திரியாவில் நாள் கணக்கில் சுங்கவில்லை வாங்க வேண்டும். மின்னணு வில்லை வண்டியின் எண்ணோடு இணைக்கப்படுவது. வாடகை வண்டியின் எண்ணோ, வண்டி கைக்கு வரும்வரை தெரியாது. ஆகவே வண்டியைப் பெற்றபின், எல்லைக்கு முன்னரே, வில்லைக்கு ஏற்பாடு செய்ய நேரம் ஒதுக்கப்பட்டது. இன்சுபுருக்கிலிருந்து பிரென்னர் வரையிலான விரைவுச்சாலைக்கு அந்த வில்லை போதாது. தனிச் சுங்கம் செலுத்த வேண்டும். இத்தாலியில் நுழைவாயிலில் சீட்டு எடுத்து, வெளியேறும் வாயிலில் தொலைவுக்கேற்பக் கட்டணம் செலுத்துவது வழக்கம்.

இத்தாலிய நகரங்களின் பழைய நடுப்பகுதிகள் பலவற்றில் வெளியூர் வண்டிகளுக்கு நுழைவு வரையறுக்கப்பட்டுள்ளது. காவலர் தடுப்பதில்லை, ஒளிப்படக்கருவி எண்பலகையைப் பதிந்துகொள்கிறது. தண்டத்தொகைக்கான கடிதம் முதலில் வாடகை நிறுவனத்துக்கும், அதன்வழியே சில மாதங்கள் கழித்து ஓட்டியவருக்கும் வந்துசேரும். ஆகவே போல்சானோவின் பழைய நகருக்குள் வண்டியோடு செல்வதில்லை என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேற்சட்டைகள் ஆகியவை வண்டியில் உள்ளனவா என்று பார்க்கும் பொறுப்புப் பேரனுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான அவசர உதவி எண் 112 என்பதை நினைவில் வைப்பது எட்டு வயதுப் பேத்தியின் பொறுப்பு.

மற்றொரு விதியைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றனர். செர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் விரைவுச்சாலையில் நெரிசல் தொடங்கியவுடனேயே, இடக்கோடித் தடத்து வண்டிகள் இடப்புறமாகவும் ஏனையவை வலப்புறமாகவும் ஒதுங்க வேண்டும். நடுவே உருவாகும் வெற்றிடத்தில் மருத்துவ ஊர்தியும் தீயணைப்பு ஊர்தியும் விரையும். விபத்தின் ஒலி கேட்டபின் ஒதுங்குவதன்று. கேட்பதற்கு முன்னரே ஒதுங்கி நிற்பது. காணாத ஒருவரின் உயிருக்காக ஆயிரம் பேர் சேர்ந்து திறக்கும் வழி அது. தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, பேரனும் பேத்தியும் அந்த வழியை மேசைமீது திறந்து பார்த்தனர்.

பாட்டியின் அளவுகோல்

வழிகாட்டிச் செயலி அந்தத் தொலைவுக்கு மூன்றரை மணி நேரம் போதும் என்றது. ஆனால் பாட்டியால் தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குமேல் உட்கார இயலாது. ஆகவே செயலியின் கணக்கை ஒதுக்கிவிட்டு, பாட்டியின் உடல்நிலையையே அளவுகோலாகக் கொண்டு பயணம் வகுக்கப்பட்டது. மருந்துகள் இரண்டு பைகளில் பிரித்து வைக்கப்பட்டன. மருத்துவரின் குறிப்பும், வேற்று ஒன்றிய நாட்டிலும் மருத்துவம் பெற உதவும் ஐரோப்பிய நலக்காப்பீட்டு அட்டையும் எளிதில் எட்டும் இடத்துக்கு வந்தன.

முதல் நிறுத்தம் குஃப்சுடைன், அடுத்தது இன்சுபுருக். மூன்றாவது நிறுத்தத்தில்தான் கருத்து வேறுபட்டது. பிரென்னரில் நிற்க வேண்டும் என்றார் பாட்டி. அங்கே பார்க்க என்ன இருக்கிறது, கடைகளும் சரக்குந்துகளும்தானே என்றார் மகன். 1940இல் அந்த நிலையத்தில் தொடர்வண்டி நெடுநேரம் நின்றதாம். யாரும் பேசவில்லையாம். அண்ணன் மட்டும், மறைவான வகுப்பில் கற்ற எழுத்துகளைப் பனி படிந்த சன்னற்கண்ணாடியில் விரலால் எழுதி எழுதி அழித்தானாம். தாயின் கை அவன் கையைப் பிடித்து நிறுத்தியதாம். இதை அதுவரை பாட்டி யாருக்கும் சொன்னதில்லை. மகன் குறிப்பேட்டை எடுத்து, பிரென்னருக்கு ஒரு மணி நேரம் என்று எழுதினார்.

கம்பம் அகன்ற எல்லை

1985ஆம் ஆண்டு சூன் 14 அன்று, லக்சம்பர்க் நாட்டின் செங்கன் என்னும் சிற்றூரருகே மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில், பெல்சியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், பிரான்சு, மேற்குச் செர்மனி ஆகிய ஐந்து நாடுகள் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. தமக்கிடையேயான எல்லைகளில் சோதனையைப் படிப்படியாக நீக்குவதே அதன் நோக்கம். 1995இல் அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் இத்தாலியும் ஆஸ்திரியாவும் இணைந்தன. 1998 ஏப்ரல் முதல் நாள் பிரென்னரின் தடைக்கம்பம் அகற்றப்பட்டது.

கம்பம் அகலுமுன் மக்கள் மனங்களில் சில தடைகள் அகல வேண்டியிருந்தன. 1946இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் பாரிசில் செய்துகொண்ட உடன்பாடு தெற்குத் திரோல் மக்களின் மொழியுரிமைக்கு அடித்தளமிட்டது. பேச்சும் பூசலும் வன்முறையும் கலந்த நீண்ட ஆண்டுகளுக்குப் பின், 1972இல் அம்மாநிலத்துக்கு விரிவான தன்னாட்சி கிடைத்தது. இன்று அங்கே ஊர்ப்பலகைகள் செர்மனிலும் இத்தாலியத்திலும் பெயர் சொல்கின்றன. சில பள்ளத்தாக்குகளில் இலாதின் என்னும் சிறுபான்மை மொழியும் உடன் நிற்கிறது. போட்சன் என்றாலும் போல்சானோ என்றாலும் ஊர் ஒன்றே. ஒரு பெயரை அழித்து மற்றொன்றை எழுதிய காலம் போய், இரண்டையும் அருகருகே எழுதும் காலம் வந்திருக்கிறது.

ஆயினும் பெற்ற உரிமை எப்போதும் உறுதியாக நிற்கும் என்று சொல்வதற்கில்லை. 2015ஆம் ஆண்டு ஏதிலியர் பெருமளவில் வந்தபோது, ஆஸ்திரிய எல்லையில் செர்மனி மீண்டும் சோதனையைத் தொடங்கியது. தற்காலிகம் என்று தொடங்கிய அது பல ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு வந்தது. 2016இல் பிரென்னரிலேயே தடுப்பு அமைக்க ஆஸ்திரியா ஆயத்தமானபோது இருபுறத்தாரும் கலங்கினர். ஆகவே திரும்பும் பயணத்தில் எல்லையில் காத்திருக்க ஒரு மணி நேரம் கூடுதலாக வைக்கப்பட்டது. பிள்ளைகள் உட்பட ஐவரின் அடையாள அட்டைகளும் காலாவதியாகவில்லை என்பது உறுதி செய்யப்பட்டது.

சாலைகளும் பாலங்களும் உடன்படிக்கைகளும் ஒரு பயணத்தை இயலச் செய்கின்றன. அதைப் பொருளுடையதாக்குவது, யாரைக் காணச் செல்கிறோம் என்பதே. மருமகளின் குறிப்பேட்டில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே நேரம் எழுதப்பட்டிருந்தது: குஃப்சுடைன் இருபது நிமிடம், இன்சுபுருக் நாற்பது நிமிடம், பிரென்னர் ஒரு மணி நேரம். மலைச்சரிவில் உள்ள பண்ணைக்கு எதிரே எதுவும் எழுதப்படவில்லை. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட மௌனம் கலைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை அவர் வெறுமையாகவே விட்டிருந்தார்.